வாக்குக் கேட்டவரும் மருந்து கேட்டவரும்

தேர்தல் சுற்றுப்பயணத்தின்போது கண்டது ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன். நம் வேட்பாளரின் ஊர்தி ஒரு சிற்றூரின் முகப்பில் நின்றது. மாலை இல்லை, ஆரத்தி இல்லை. பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வழியில் நின்றனர். "எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் டாக்டர் இல்லை. பாம்பு கடித்தால் இருபது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நீங்கள் வென்றால் என்ன செய்வீர்கள்? வாயால் சொல்ல வேண்டாம், எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்றனர். வேட்பாளர் சிரித்தார், கைகூப்பினார், "கட்டாயம் கவனிப்போம், தாயே" என்றார். ஊர்தி நகர்ந்தது. அன்று மாலை தேநீர்க் கடையில் நம் இளந்தோழர் ஒருவர் கொதித்தார்: "யாரோ தூண்டிவிட்ட கூட்டம், அண்ணே! நம்மைக் கேட்கிறார்களே, இத்தனை நாளும் எங்கே போயிருந்தார்கள்?"

அந்தத் தோழரின் சினத்திற்கு விடை கூறவே இதனை எழுதுகிறேன். அவர் நல்ல உழைப்பாளி. சுவரொட்டி ஒட்டிக் கை வெந்தவர். ஆயினும் அவர் கேட்ட கேள்வி தவறானது; தவறானது மட்டுமன்று, நம் எதிரிகள் கேட்க வேண்டிய கேள்வி அது. "இத்தனை நாளும் எங்கே போயிருந்தார்கள்?" என்பது அத் தாய்மார்கள் நம்மைப் பார்த்துக் கேட்க வேண்டியதன்றோ!

ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் ஆள்வோனும் ஆள விரும்புவோனும் ஏழையின் வாசற்படியில் வந்து நிற்கிறான். மற்ற நாட்களில் ஏழைதான் அவர்கள் வாசலில் மனுவோடு நிற்கிறான். அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில் கேளாமல் வேறு எப்போது கேட்பது? வாக்குக் கேட்க வந்தவனிடம் மருந்து கேட்பதைத் தூண்டுதல் என்றும் மிரட்டல் என்றும் கூறுவோர், வாக்கை விலைக்குக் கேட்பதை மட்டும் 'வழக்கம்' என்று கூறிப் புன்னகை புரிகின்றனர். எது இழிவு? கைநீட்டிப் பணம் வாங்குவதா, கையெழுத்து வாங்குவதா?

கேட்பதால் என்ன விளையும், கேட்டபின் உறங்கிவிட்டால் என்ன விளையும் என்ற இரண்டையும் காட்டுவதற்கு ராஜஸ்தானத்தை விடச் சிறந்த பாடசாலை இல்லை. ஆகவே, தோழர்களே, சற்று வடக்கே வாருங்கள்.

அம்மாநிலம் மன்னர்களின் கோட்டைகளுக்குப் பெயர்போனது என்றே நாம் படித்திருக்கிறோம். ஆனால் அங்கே வேறொரு மரபும் உண்டு. 1996 ஏப்ரலில் பியாவர் என்னும் ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் - உழவர் அமைப்பினர் நாற்பது நாட்கள் தெருவில் அமர்ந்தனர். அவர்கள் கேட்டது என்ன? கூலிப் பட்டியலைக் காட்டு, ரசீதைக் காட்டு, எங்கள் பெயரில் எழுதிய கணக்கை எங்களுக்குக் காட்டு என்பதுதான். அந்தத் தெருக் கோரிக்கைதான் 2005-இல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வடிவெடுத்தது. படித்தவர் மட்டும் கூடிப் பேசிப் பெற்ற சட்டமன்று அது. கூலி குறைந்தவன் கணக்குக் கேட்டதால் பிறந்த சட்டம்.

அதே மண்ணில்தான் மருத்துவத்தையும் உரிமையாகக் கேட்கும் குரல் எழுந்தது. ஜன் ஸ்வாஸ்த்ய அபியான் என்ற மக்கள் நல்வாழ்வு இயக்கத்தை நம்மில் பலர் அறிவர். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் கொல்கத்தாவில் கூடிய மக்கள் நல்வாழ்வுப் பேரவையிலிருந்து வளர்ந்தது அது. 'கி.பி. 2000-க்குள் அனைவர்க்கும் நல்வாழ்வு' என்று 1978-இல் அல்மா அட்டாவில் அரசுகள் எல்லாம் கூடி உறுதி கூறினவே, அந்த ஆண்டு வந்தது, நல்வாழ்வு வரவில்லை. 'எங்கே அது?' என்று கேட்கக் கூடியவர்கள்தாம் அவர்கள். அந்த இயக்கத்தின் ராஜஸ்தான் கிளையினரும் பிற மக்கள் அமைப்புகளும், மருத்துவ உரிமைக்குச் சட்டம் வேண்டும் என்று கட்சிகளை விடாது வற்புறுத்தினர். 2018 சட்டமன்றத் தேர்தலின்போது காங்கிரசுக் கட்சி அதனைத் தன் தேர்தல் அறிக்கையில் ஏற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அக்கட்சி ஆட்சிக்கும் வந்தது.

ஏற்றது சரி, நிறைவேற்றியது எப்போது? மசோதா சட்டமன்றத்திற்கு வந்தது 2022 செப்டம்பரில். உடனே தெரிவுக் குழுவிற்கு அனுப்பப்பட்டது. நிறைவேறியது 2023 மார்ச் 21-இல், எதிர்க்கட்சியாயிருந்த பாரதீய ஜனதாவின் எதிர்ப்புக்கிடையே, குரல் வாக்கெடுப்பில். இடையே கொரோனாக் கொடுநோய் வந்து இரண்டாண்டுகளை விழுங்கியது உண்மை. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் மருத்துவம் உரிமையாக வேண்டும் என்பதை அந்த இரண்டாண்டுகளைவிட உரக்கக் கூறியது எது? உயிர்க்காற்று உருளைக்காக மக்கள் தெருத்தெருவாக அலைந்த நாட்களில் வந்திருக்க வேண்டிய மசோதா, ஆட்சியின் அந்திப் பொழுதில் வந்தது. எனினும் வந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு மாநிலம் நல்வாழ்வு உரிமைச் சட்டம் இயற்றியது என்ற பெருமை ராஜஸ்தானத்தைச் சேர்ந்தது. தரவேண்டிய பாராட்டைத் தந்துவிட்டு மேலே செல்வோம்.

அச்சட்டத்தின் உயிர்நாடி எது? விபத்தில் அடிபட்டவன், பாம்போ விலங்கோ கடித்தவன், இவர்போன்ற அவசர நிலையில் வருவோர்க்கு, 'முன்பணம் கட்டு' என்று கேளாமல் முதலில் சிகிச்சை தரவேண்டும். போலீஸ் வரட்டும், அறிக்கை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பின்னர் அந்த நோயாளியால் கட்டணம் செலுத்த இயலாவிடில், அரசு அந்தப் பணத்தை மருத்துவமனைக்குத் தரும். மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் இருபத்தையாயிரம் வரையிலும் அபராதம். சிறை இல்லை. மாநிலத்திலும் மாவட்டங்களிலும் முறையீடு கேட்க ஆணையங்கள் உண்டு.

இவ்வளவுதான். இதற்குத்தான் 'கொடுங்கோன்மைச் சட்டம்' என்று பெயரிட்டனர் தனியார் மருத்துவமனை உரிமையாளர்கள்! கதவை மூடினர். இரண்டு வாரத்திற்கு மேல் மூடிய கதவு மூடியபடியே இருந்தது. அரசு மருத்துவமனைகளில் கூட்டம் பிதுங்கிற்று. உயிர் போகும் நிலையில் வருபவனைத் திருப்பியனுப்பும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்பதை நிலைநாட்ட, வருபவர் அனைவரையுமே திருப்பியனுப்பினர். என்னே இவர்தம் வாதத் திறம்!

அவர்கள் கூறியவற்றுள் நியாயமானது எதுவுமே இல்லையா? உண்டு, கூறிவிடுவோம். 'கண் மருத்துவர் நடத்தும் பத்துப் படுக்கை நிலையத்திற்கு மாரடைப்பு நோயாளியைக் கொண்டுவந்தால் என்ன செய்வது?' என்று கேட்டனர். நியாயமான கேள்வி. தன்னால் இயன்ற முதலுதவியைச் செய்து உரிய இடத்திற்குப் பத்திரமாக அனுப்புவதே கடமை என்று விதிகளில் ஐயத்திற்கிடமின்றி எழுதியிருக்க வேண்டும். 'அரசு பணம் தரும் என்கிறீர்கள், எத்தனை நாளில்?' என்றும் கேட்டனர். இதுவும் நியாயமான கேள்விதான். அரசாங்கப் பாக்கிக்காக ஓராண்டு நடந்து செருப்புத் தேய்ந்த சிறு நிலையத்தாரை நாமும் அறிவோம். இதற்கும் விடை விதிகளில் இருக்க வேண்டும். ஆனால் கேள்விக்கு விடை வேண்டும் என்று போராடுவது வேறு, சட்டமே கூடாது என்று கதவடைப்பது வேறு. சிறு மருத்துவரின் அச்சத்தைக் கேடயமாக முன்னே பிடித்துக்கொண்டு, பெருமுதல் மருத்துவமனைகள் பின்னே நின்று வாளை வீசின.

'ஏற்கெனவே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதே, சட்டம் எதற்கு?' என்று வினவிய அறிவாளரும் உளர். இருக்கிறது, ஐயா! 1989-இல், பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிர்காப்பதே மருத்துவரின் முதற்கடன், போலீஸ் சடங்குகள் பின்னர் என்று நீதிமன்றம் கூறிற்று. அடிபட்ட ஒருவர் அருகிலிருந்த மருத்துவமனையில் ஏற்கப்படாமல் இருபது கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பப்பட்டு வழியிலேயே மாண்டதுதான் அந்த வழக்கின் மூலம். தீர்ப்பு வந்து மூன்றாண்டு கழித்து நடந்ததைக் கேளுங்கள். 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ஓடும் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினர். ஓரிடத்தில் படுக்கை இல்லை. இன்னோரிடத்தில் கருவி இல்லை. முடிவில் தனியார் மருத்துவமனையில் ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவழித்து உயிர் தப்பினார். அவருக்காக வழக்காடியது யார்? எந்த அமைச்சரும் அல்லர். அவர் உறுப்பினராயிருந்த விவசாயத் தொழிலாளர் சங்கமான பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி! 1996 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தர மறுத்தது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறியதாகும் என்று கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு தரப் பணித்தது.

தீர்ப்பு நமக்குப் பெருமை. ஆனால் நடுநிசியில், தலையில் குருதி வழிய, மூடிய வாயிற்கதவின் முன் நிற்பவன் தீர்ப்பின் நகலைக் காட்டி உள்ளே நுழைய முடியுமா? பணம் யார் தருவது, மறுத்தால் யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் விடை என்பவற்றைத் தீர்ப்பு வகுத்துத் தருவதில்லை. சட்டமும் விதிகளும்தாம் வகுக்க வேண்டும். நான்காண்டு வழக்காடச் சங்கம் கிடைத்த தொழிலாளி ஒருவர். சங்கமே இல்லாதவர் எத்தனை கோடி!

ராஜஸ்தானத்திற்குத் திரும்புவோம். வேலைநிறுத்தம் முடிந்தது 2023 ஏப்ரல் 4-இல். எப்படி முடிந்தது என்பதுதான் நாம் மறக்கக்கூடாத பகுதி. எட்டு அம்ச ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு. அரசிடமிருந்து நிலமோ கட்டடமோ சலுகையாகப் பெறாத தனியார் மருத்துவமனைகளுக்கும் விலக்கு. எஞ்சியவை எவை? தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், அரசுடன் கூட்டாக நடப்பவை, சலுகை நிலத்தில் எழுந்தவை, அரசு உதவி பெற்ற அறக்கட்டளைகளின் மருத்துவமனைகள். மேலும், இனி விதிகளில் மாற்றம் செய்வதாயின் இந்திய மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதிகள் இருவரைக் கலந்தே செய்யவேண்டும் என்றும் ஓர் அம்சம்.

கவனியுங்கள். இரு நூறு உறுப்பினர் கொண்ட சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றுகிறது. பதினான்கே நாளில், மன்றத்திற்கு வெளியே, ஒரு மேசையில் வைத்த ஒரு தாள் அதன் வீச்சைச் சுருக்குகிறது! தாளில் கையெழுத்திட்டது அரசுத் தரப்பும் மருத்துவர் அமைப்புகளும். நோயாளியின் தரப்பில் கையெழுத்திட்டது யார்? எவரும் இல்லை. 2018-இல் இக்கோரிக்கையைத் தூக்கிச் சுமந்து கட்சியின் அறிக்கையில் ஏற்றினார்களே, அந்த அமைப்புகளுக்கு அம்மேசையில் நாற்காலி இல்லை. மருத்துவர் இருவரைக் கலக்க வேண்டுமாம். நோயாளி ஒருவனைக் கூடக் கலக்க வேண்டாமாம்!

சட்டத்திற்கு ஆளுநர் ஒப்புதலும் அதே ஏப்ரலில் கிடைத்தது. எஞ்சியது விதிகள். சட்டம் படித்தோர் அறிவர்: 'விதிக்கப்பட்டவாறு' என்ற ஒரு சொல் சட்டத்தில் வந்துவிட்டால், அந்த இடத்தில் ஒரு பூட்டுத் தொங்குகிறது என்று பொருள். சாவி விதிகளில் இருக்கும். மருத்துவமனைக்குப் பணம் எப்படித் தருவது என்பதற்கே சாவி விதிகளில்தான். அக்டோபர் 9-இல் தேர்தல் நடத்தை நெறிகள் நடைமுறைக்கு வரும் வரை ஆறு மாதம் கையில் இருந்தது. விதிகள் வெளிவரவில்லை. நவம்பர் 25-இல் வாக்குப்பதிவு. டிசம்பர் 3-இல் முடிவு. காங்கிரசு 69 இடங்களுடன் எதிர்வரிசைக்குச் சென்றது. சட்டத்தை எதிர்த்த பாரதீய ஜனதா 115 இடங்களுடன் ஆட்சியில் அமர்ந்தது. தாங்கள் எதிர்த்த சட்டத்திற்கு அவர்கள் ஓடோடிச் சென்று விதி எழுதுவார்கள் என்று எதிர்பார்ப்பவன் அப்பாவி.

முந்தைய ஆட்சி 2021-இல் தொடங்கிய 'சிரஞ்சீவி' என்ற காப்பீட்டுத் திட்டம் 2024-இல் வேறு பெயர் பூண்டது. திட்டம் என்பது அப்படித்தான். பெயரை மாற்றலாம், தொகையை மாற்றலாம், பட்டியலிலிருந்து ஒரு நோயை ஓசையின்றி நீக்கலாம். ஒரு செயலாளரின் கடிதம் போதும். அதனால்தான் 'திட்டம் இருக்கிறதே, உரிமைச் சட்டம் எதற்கு?' என்ற பேச்சு ஆட்சியாளர்க்கு இனிக்கிறது. திட்டத்தில் ஏழை பயனாளி. உரிமையில் ஏழை வாதி. பயனாளி நன்றி கூறுவான். வாதி கணக்குக் கேட்பான்.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றிப் பேசாமல் போனால் தோழர்கள் என்னை விடமாட்டார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைந்தது. மருந்தை மொத்தமாக, வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி முறையில், தரம் சோதித்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையை நாட்டிற்குக் காட்டியது. 2011 அக்டோபர் 2-இல் ராஜஸ்தான் தொடங்கிய இலவச மருந்துத் திட்டம் நம் முறையைப் பார்த்து அமைந்ததுதான். பெருமைதான், மறுக்கவில்லை. 2021 டிசம்பரில் இங்கே தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியதும் பெருமைதான். ஆனால் அத்தனையும் திட்டங்கள். மருந்து வாங்கும் கலையை நம்மிடம் கற்ற ராஜஸ்தானம், உரிமையைச் சட்டத்தில் எழுதும் கலையில் நமக்கு முந்திற்று. அவர்கள் வழுக்கி விழுந்த இடத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை; அவர்கள் ஏறிய படியில் நாம் கால் வைக்கவில்லை.

நாடு முழுதும் நிலை என்ன? அரசின் கணக்குப்படியே, மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடு, 2021-22-இல் 39.4. குறைந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய்க்கு ஏழை தாலியை அடகு வைக்கிறாள் என்பது அதன் மறுபக்கம். 2017 தேசிய நல்வாழ்வுக் கொள்கை, 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை அரசு செலவிடும் என்றது. 2021-22 கணக்கில் அது 1.84-ஐத்தான் எட்டியிருந்தது. எழுதிய கையே எழுதியதை மறக்கும்போது, நினைவூட்ட எவரேனும் வாசலில் நிற்கத்தானே வேண்டும்!

மருத்துவர்கள் எதிர்த்தால் எந்த அரசும் பணிந்துதானே ஆகவேண்டும் என்று நம்மவரே சிலர் கூறக் கேட்டேன். பிரிட்டனின் கதையை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். வேல்சில் டிரெடிகர் என்னும் சுரங்க ஊரில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறுதொகை ஒதுக்கி ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினர். அந்த ஊரில் பிறந்து, சுரங்கத்தில் உழைத்து, அச்சங்கத்தின் மருத்துவமனைக் குழுவிலும் பணியாற்றியவர் அனூரின் பெவன். 1945-இல் தொழிற்கட்சி தேசிய மருத்துவப் பணியைத் தேர்தல் அறிக்கையில் எழுதி வென்றது, பெவன் அமைச்சரானார். 1948 பிப்ரவரியில் அந்நாட்டு மருத்துவச் சங்கம் நடத்திய கருத்து வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அவருக்கு எதிராகவே வாக்களித்தனர். அவர் விட்டுக்கொடுத்தார், இல்லை என்று கூறவில்லை. சிறப்பு மருத்துவர்கள் தனிப்பட்ட முறையிலும் நோயாளிகளைப் பார்க்கலாம் என்று இசைந்தார். ஆனால் எதை விடவில்லை? நோயாளி கட்டணமின்றி உள்ளே வருவான் என்பதை விடவில்லை. குறித்த நாளான ஜூலை 5-ஐயும் விடவில்லை. அந்த நாள் வந்தபோது மருத்துவரில் பெரும்பாலோர் உள்ளே வந்துவிட்டனர். ஜெய்ப்பூரில் விலக்கு அளிக்கப்பட்டது மருத்துவமனைகளுக்கு. இலண்டனில் சலுகை அளிக்கப்பட்டது மருத்துவருக்கு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கத் தெரிந்தவன்தான் அமைச்சராகத் தகுந்தவன்.

இப்போது தேநீர்க் கடைத் தோழருக்கு வருகிறேன். தம்பி, அந்தத் தாய்மார்கள் நம் எதிரிகள் அல்லர். அவர்கள் எதிர்க்கட்சி வேட்பாளரையும் அதே இடத்தில் நிறுத்தி அதே தாளை நீட்டியிருப்பார்கள். நீட்டினார்களா என்று விசாரித்தேன், நீட்டினார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? நம்மவர் சொன்ன அதே சொல். "கவனிப்போம், தாயே." இரு கட்சிக்கும் ஒரே வாய் என்று அந்த ஊர் முடிவு கட்டியிருந்தால் அது யார் குற்றம்?

ராஜஸ்தானத்து அமைப்புகளிடமும் ஒரு குறை உண்டு. அதனையும் நட்போடு கூறவேண்டும். உரிமை வேண்டும் என்ற வாக்குறுதியை வாங்கினார்கள். அத்துடன் ஒரு தேதியையும் வாங்கியிருக்க வேண்டும். மசோதா எந்த ஆண்டில், விதிகள் எத்தனை நாளில், முறையீட்டு ஆணையத்தில் நோயாளிகளின் பிரதிநிதிகள் எத்தனை பேர், வரவு செலவுத் திட்டத்தில் எத்தனை ரூபாய் என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தால், ஐந்தாண்டின் கடைசிப் பருவத்தில் ஓர் ஆட்சி அவசரமாக மசோதாவைக் கொண்டுவந்து அவசரமாக ஒப்பந்தமும் செய்யும் நிலை வந்திராது. இவ்வாறு கூறுவது எளிது என்பதையும் அறிவேன். கட்சியின் முழு வலிவு பின்னே இல்லாமல் ஒரு மக்கள் அமைப்பு எத்தனை நாள் தெருவில் நிற்கும்? வேலைநிறுத்தம் செய்தவர்களிடம் மூடுவதற்கு மருத்துவமனைகள் இருந்தன. சட்டம் கேட்டவர்களிடம் மூடுவதற்கு என்ன இருந்தது?

அதற்குத்தான் கட்சி. கிளைக் கழகக் கூட்டங்களில் இனி நம் தோழர்கள் ஊர் சுகாதார நிலையத்தின் பணியாளர் பட்டியலையும் வைத்துக்கொள்ளட்டும். மருத்துவர் இடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, இரவுப் பணி உண்டா, பாம்புக்கடி மருந்து இருப்பில் உண்டா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறப் பத்து ரூபாய்க் கட்டணம் போதும். அந்தத் தாளோடு அத் தாய்மார்களிடம் நாமே செல்வோம். அன்று அவர்கள் நீட்டிய தாளின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. கீழே கையெழுத்திற்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நம் வேட்பாளரின் முகவரிக்கு அதனை இன்று அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.